இல்லாத சாப்பாட்டின் ருசி

எங்கள் வீட்டில் வாயில் இருக்கிற சாப்பாட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வேறு எங்கோ, வேறு என்றைக்கோ சாப்பிட்டதைப் பற்றித்தான் பேச்சு. இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என் மாமனார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் கல்யாண விருந்தில் முதல் ஆளாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபடியே, தன் தம்பி கல்யாணத்துச் சாப்பாட்டின் பெருமையை என் அப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னவர். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். மணப்பெண்ணாயிற்றே என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் வாய்த்தவர் என் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இருட்டுக் குழியில் தொங்கிவிட்டு அகோரப் பசியோடு வருவார். நான் கோழி வறுத்து வைத்திருப்பேன். இரண்டு கவளம் உள்ளே போனதும் தெருமுனை ஹோட்டல் பேச்சு வந்துவிடும். அங்கே கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வருமாம். கல்லூரிக்குப் போகிற என் மகள் அங்கே கொடுக்கும் சூப்பை வர்ணிப்பாள். மாமனார், அந்த ஹோட்டலின் பழைய சமையல்காரர் இருந்த காலத்துக்கே போய்விடுவார். பேசிக்கொண்டே மூன்று பேரும் சட்டியை வழித்துத் துடைத்திருப்பார்கள்.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன், நன்றாக இருக்கிறதா என்று.

"சாப்பிட்டுட்டுதானே இருக்கோம்," என்றார் கணவர்.

அதே ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்தால் கதை தலைகீழ். கோழி ஆவி பறக்க வரும். மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, அம்மா செய்வது போல இல்லை என்பாள். கணவர் என் கைப்பக்குவத்தைப் பற்றி, பரிமாறுகிறவருக்கும் கேட்கும்படி பேசுவார். மாமனார், மருமகள் வறுத்தால் தெருவே மணக்கும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வார். அதனால்தான் எங்கள் வீட்டில் வெளியே சாப்பிடப் போகலாம் என்று முதலில் கிளம்புகிறவள் நான். மற்றவர்கள் வயிற்றுக்காகப் போவார்கள், நான் காதுக்காகப் போவேன். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போவேன்.

பயணம் போனாலும் இதே கூத்துதான். போன விடுமுறையில் கடற்கரை ஊருக்குப் போனோம். ரயிலில் நான் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் முட்டையையும் மொக்கிக்கொண்டே, அங்கே போய்ச் சாப்பிடப்போகிற மீனைப் பற்றி நாக்கில் எச்சில் ஊறப் பேசினார்கள். அங்கே போனதும் மீனைத் தின்றுகொண்டே ரயிலில் சாப்பிட்ட முட்டைக்கு ஏங்கினார்கள். பேச்சை மாற்றலாமே என்று கடலைப் பாருங்கள் என்றேன். முன்பு ஒருமுறை பார்த்த கடல் இதைவிட நீலம் என்றார் மாமனார்.

நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட நிமிஷமே, பழையதில்தான் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அங்கே சிரிப்பதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் அடுப்பிலிருந்து இறக்கியது ஆறுவதற்குள், என் வீட்டு மேசையில், 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வார்த்தை. அதற்காக மனசு அடித்துக்கொண்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு வழி தோன்றியது. வீட்டில் உட்கார்ந்தால் ஹோட்டல் கோழியைத்தானே புகழ்கிறார்கள்? என் கோழியையே ஹோட்டல் கோழியாக்கிவிட்டால்? அவர்கள் மனதாரப் புகழட்டும். சப்புக்கொட்டி முடித்ததும், இது நான் வறுத்தது என்று போட்டு உடைக்கலாம். மூன்று பேர் முகமும் எப்படிப் போகும் என்று நினைக்கும்போதே சிரிப்பு வந்தது.

கணவர் எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார். மகள் தோழி வீட்டில், மாமனார் பூங்காவில். அவசரப்படாமல் சமைத்தேன். வெங்காயம் நிறம் மாறும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. கழுவி அடுக்கி வைத்திருந்த ஹோட்டல் டப்பாக்களில் சூடாக நிரப்பி மூடினேன். ஹோட்டலில் தந்த காகிதப் பையையும் எடுத்து, இழுப்பறையில் கிடந்த பல்குச்சிப் பொட்டலத்தையும் உள்ளே போட்டேன். சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

மூன்று பேரும் வந்ததும், தலைவலி, அதனால் ஹோட்டலில் வாங்கிவிட்டேன் என்றேன். உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. கணவர் ஒரு துண்டை மென்றார். நான் தண்ணீர்க் குவளையோடு அசையாமல் நின்றேன்.

"என்னதான் சொல்லு, உன் கை பட்ட மாதிரி வராது," என்றார்.

மகளும் ஆமோதித்தாள். வெங்காயத்தைச் சரியாகவே வதக்கவில்லையாம், அம்மாவாக இருந்தால் பொறுமையாக நின்று வதக்கியிருப்பாளாம். மாமனார் டப்பாவையே ஒதுக்கி வைத்தார்.

"தலைவலி தீந்ததும் நீயே வச்சுக் குடும்மா. இதெல்லாம் ஒரு சாப்பாடா?"

என் வீட்டில், என் மேசையில், ஆவி அடங்குவதற்குள், இத்தனை வருஷம் காத்திருந்த புகழ்ச்சி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. உச்சி குளிர்ந்தது. ஆனால் திட்டு வாங்கியதும் அதே கோழிதான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், கிடைத்ததும் கையை விட்டுப் போய்விடும். மூடிக்கொண்டேன்.

முதன்முறையாக எங்கள் வீட்டில் கோழி மிஞ்சியது. கணவர் என் தலைவலிக்கு மாத்திரை எடுத்து வைத்தார். எல்லோரும் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான் அடுக்களையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். இவர்கள் சொல்லாவிட்டால் போகிறது, ருசித்துப் பார்த்து நானே எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஒரு துண்டைக் கடித்தேன். பதமாக வெந்திருந்தது. உப்பும் உறைப்பும் அளவாக இருந்தன. இன்னொரு துண்டை எடுத்தேன். வாய் தானாகவே பேசியது.

"போன வாரம் வச்சது இதைவிட நல்லா இருந்துச்சு."

கூடத்திலிருந்து கணவரின் குரல் வந்தது.

"அதைத்தானே நாங்களும் அப்பவே சொன்னோம்."