தொண்டைக்குக் கீழே

மேப்பிள் மர நிழலில் போட்டிருந்த நீள மேசைக்குப் பின்னால் நின்று க்ளெண்டா உருளைக்கிழங்கு சாலட்டை அள்ளி அள்ளித் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். மாதா கோயிலுக்குப் பின்புறம் செங்கல் அடுக்கிக் கட்டிய அடுப்புகளிலிருந்து ஹிக்கரி விறகுப் புகை மேசை வரை வந்து கண்ணைக் கரித்தது. அவள் கணவன் ராய்ஸும் இன்னும் சில ஆண்களும் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேதான் நின்றார்கள். ஆட்டின் தொடைகளை முள்கரண்டியால் புரட்டி, வினிகர் கலந்த குழம்பைத் நீளப்பிடித் தூரிகையால் தொட்டுத் தொட்டுத் தெளித்தார்கள். கென்டக்கியின் இந்த மூலையில் கோடை வந்துவிட்டால் ஒவ்வொரு கோயிலும் தன் பங்குக்கு ஒரு ஆட்டுக்கறி விருந்து வைத்தாக வேண்டும்.

"ஏண்டி க்ளெண்டா, பாதி ஆளக் காணோமே! மிச்சத்த எங்க போட்டுட்டு வந்த?" என்றாள் பாட்டுக் குழுவில் அவளோடு பாடும் பெர்னடீன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். க்ளெண்டாவும் சிரித்தாள். இந்த இரண்டு வருடத்தில் எப்படிச் சிரிப்பது என்று பழகியிருந்தது.

உடம்பு இளைக்க, இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி அறுவை செய்து போட்ட ஒரு சிலிகோன் பட்டை. விலா எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பொத்தான் போல ஒன்று. அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். அறுவைக்குப் பிறகு உடம்பு கரைந்தது உண்மை. முழங்கால் வலி போனது. கோயில் பெஞ்சில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. ஆனால் ரொட்டி இறங்கவில்லை, சோறு இறங்கவில்லை. கூழாகும்வரை மென்று, விழுங்கி, காத்திருந்து, அடுத்த வாயை எடுப்பதற்குள் தட்டு ஆறிப் போய்விடும். கொஞ்சம் அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். வாயில் முட்டையின் வெள்ளைக்கரு போல எச்சில் கெட்டியாக ஊறும். பிறகு எல்லாம் மேலே வந்துவிடும். வழுக்கிக்கொண்டு இறங்கியது ஐஸ்கிரீமும் மில்க்ஷேக்கும் மட்டும்தான். அதைக் காரில் உட்கார்ந்து, கடைக்குப் பின்புறம் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தபடி தனியாகக் குடித்தாள். இரவில் படுத்தால் இருமல். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே தூங்கினாள். மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டு, "ரொம்ப இறுகியிருக்கு, வாங்க, தளர்த்தி விடறோம்" என்றாள். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் க்ளெண்டா எடுப்பதில்லை. பழைய பசி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு இந்த முஷ்டியே மேல் என்று நினைத்தாள்.

ராய்ஸ் தட்டோடு வந்தான். முகம் புகையில் சிவந்திருந்தது. ஆட்டுத் தொடையிலிருந்து அறுத்த முதல் துண்டு, ஓரம் கருகி, நடுவில் கொழுப்பு மின்னியது. கல்யாணமான வருடத்திலிருந்து முதல் துண்டு க்ளெண்டாவுக்குத்தான். சேர்ந்து சாப்பிட்டே ஒருவரை ஒருவர் நேசித்த ஜோடி அது. அறுவைக்குப் பிறகு அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"ஒரே ஒரு வாய்," என்றான். "எனக்காக."

அடுப்படி ஆண்களும் பெர்னடீனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் விரலிலிருந்தே வாங்கிக்கொண்டாள். ருசி நாக்கில் பட்டதும் கண் கலங்கியது. மென்றாள். இன்னும் கொஞ்சம் மென்றிருக்க வேண்டும். ஆனால் அதே நேரம் காரின் என்ற அவர்கள் மகள் பின்னாலிருந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருபத்து நான்கு வயது, அம்மாவின் பழைய உடம்பு.

"அம்மா, அப்பா முன்னாடியே சொல்லிடறேன். நானும் பட்டை போட்டுக்கப் போறேன். வியாழக்கிழமை டாக்டரப் பாக்கறேன். எல்லாம் உன்னப் பாத்துத்தான்."

க்ளெண்டா விழுங்கினாள்.

முஷ்டி மூடியது. பேச வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, சந்தோஷத்துல அம்மாவுக்குப் பேச்சே வரல!" என்று பெர்னடீன் கைதட்டினாள். இன்னும் யாரோ தட்டினார்கள். க்ளெண்டா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றுதான். அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, காரின் அவள் கன்னத்தில் முத்தமிட்டாள்.

கோயில் மண்டபக் கழிப்பறையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். இன்று நுரை மட்டும் வந்தது, நூல் நூலாக, நிற்காமல். கறித்துண்டு அசையவில்லை. கதவு தட்டப்பட்டது.

"அம்மா? தொற. தொறன்னு சொல்றேன்ல."

திறந்தாள். கன்னத்திலும் மேல்சட்டையிலும் எச்சில் வழிய, மூக்கு ஒழுக நின்ற அம்மாவைக் காரின் பார்த்தாள். காகிதத்தைக் கிழித்து நனைத்து அம்மாவின் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி வழிந்தது.

அன்று இரவு தண்ணீரும் இறங்கவில்லை. ஒரு மடக்கு குடித்தால் அப்படியே திரும்பியது. மறுநாள் காலை ராய்ஸ் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் காரை ஓட்டினான். "நாந்தான் ஊட்டினேன், நாந்தான்," என்று சிக்னலுக்குச் சிக்னல் சொன்னான். க்ளெண்டா வாயருகே கைத்துண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையசைத்தாள்.

நர்ஸ் விலாவின் கீழே தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து நீள ஊசியை இறக்கினாள். ஊசிக்குழலில் தெளிந்த நீர் ஏறியது. உள்ளே ஏதோ நகர்ந்து, வலித்து, பிறகு விட்டது. எழுந்து நின்று தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு மடக்கு. இன்னொன்று. மூன்றாவதற்கு அவள் காகிதக் கோப்பையை முழுசாகக் கவிழ்த்துக் குடித்தாள். குளிர்ச்சி நெஞ்சு வழியாக வயிறு வரை தங்குதடையின்றிப் போனதும் அழுதுவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத் தண்ணி ஆகாரம் மட்டுந்தான்," என்றாள் நர்ஸ். "பசிக்கும். ரொம்பவே பசிக்கும். அதுக்குத் தயாரா இருங்க."

அவள் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காரின் உட்கார்ந்தாள்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"கிட்டத்தட்ட தினமும்."

"ரெண்டு வருஷமா? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எல்லாரும் அழகா இருக்கேன்னு சொன்னாங்கடி." குரல் கரகரத்தது. "அதக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு."

தரையைப் பார்த்தாள் காரின். "வியாழக்கிழமை நான் போகவா, வேண்டாமா? நீயே சொல்லு."

துணிக்கடையில் எந்த உடையும் ஏறாமல் திரைச்சீலைக்குப் பின்னால் சத்தமின்றி அழுத பதினான்கு வயது மகள் க்ளெண்டாவின் நினைவுக்கு வந்தாள். கழிப்பறைத் தரையும் வந்தது. எதை முன்னால் வைப்பது என்று தெரியவில்லை.

"பழைய ஒடம்புக்குத் திரும்பிப் போன்னு யாராச்சும் சொன்னா நான் செத்துருவேன். இதையே இன்னும் எத்தன வருஷம்னு கேட்டாலும்..." நிறுத்தினாள். "எனக்குத் தெரியலடி. உங்கிட்ட பொய் மட்டும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராய்ஸ் பெட்ரோல் போட நிறுத்தினான். நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடாத மகளுக்கு ஒரு முட்டை சாண்ட்விச் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெட்ரோலுக்குப் பணம் கட்ட மறுபடி உள்ளே போனான். பின்சீட்டில் அம்மாவும் மகளும். உறையைப் பிரித்தாள் காரின். சூடான வெண்ணெய் வாசனை கார் முழுக்கப் பரவியது. க்ளெண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தெருவில் போகும் லாரிகளைப் பார்த்தாள். வயிறு ஒரு தரம் உறுமியது. இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்டிருக்கும்.

கை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. குனிந்து பார்த்தபோது, மகளின் மடியில் இருந்த சாண்ட்விச்சின் ஓரத்தில் அவள் விரல்கள் பதிந்திருந்தன. மிருதுவான ரொட்டி அந்த இடத்தில் நசுங்கி, மஞ்சள் கரு கசிந்தது. மகள் தன் பக்கத்தை விடவில்லை, இழுக்கவும் இல்லை. கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ராய்ஸ் வெளியே வந்தான். இருவரும் அந்த ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள்.