ஒரே பக்கம் சுற்றிய உருளைகள்

ஒருவருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாததை உத்தரவாகப் போடுகிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பசை ஆலையின் மேலாளரைச் சொல்கிறேன்.

எங்கள் தொட்டிகள் அகலமானவை. மேலே மூடிய கூரை, உள்ளே இடுப்பளவு பசை, மூச்சை அடைக்கும் நெடி. சுவரில் பசை காய்ந்து ஏடு கட்டினால், கூரைத் துவாரம் வழியாக ஓர் ஆளைக் கயிறு கட்டி இறக்குவார்கள். அந்த ஆள் என் அக்காவின் கணவர். போன வருடம் அவருக்குப் பதிலாக இறங்கியவரை மயங்கிய நிலையில் தூக்கினார்கள். அவருக்கு இன்னும் பேச்சு குழறுகிறது. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. இதே ஆலையில் இயந்திரப் பொறியாளராக இருந்துகொண்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

அதனால்தான் அந்த இயந்திரத்தைச் செய்தேன். பசையில் நீந்துவது தண்ணீரில் நீந்துவது போல அல்ல. தண்ணீரில் ஓர் உந்து உந்தினால் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகலாம். பசையில் உந்துவது நின்றால் உடலும் அங்கேயே நிற்கும். ஓர் உருளையை மட்டும் சுழலவிட்டால், சுற்றியுள்ள பசையை இழுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே சுழலும். பக்கத்தில் இன்னோர் உருளையை எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டால் கதையே வேறு. இது இழுக்கும் பசை அதை முன்னே கொண்டுபோகும்; அது இழுக்கும் பசை இதைக் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்து நகரும். அப்படி இரண்டு உருளைகளை ஒரு சட்டத்தில் பூட்டி, சுவரைச் சுரண்டத் தகடும் வைத்தேன். சோதனையில் ஆமை வேகத்தில் போனாலும் நேராகப் போய்ச் சுவரைத் தொட்டது.

முதலாளிகள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணு இப்படிச் சுத்துது, இன்னொண்ணு அப்படிச் சுத்துது. ரெண்டும் சண்டை போட்டுக்குதே! பாதி கரண்ட் வீணு. ஒரே பக்கமா சுத்த விடு, டபுள் வேகம் வரும்."

"சார், அப்படி விட்டா ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு வட்டம்தான் போடும். முன்னால போகாது."

"ஒத்துமைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்று சிரித்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுநாள் முதலாளிகளை வாசலில் வரவேற்க என்னை அனுப்பினார். பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால், இயந்திரத்தை அதற்குள் தொட்டியில் இறக்கிவிட்டார்கள். தொட்டிக்குள் வைத்த கேமராவின் திரையில் பார்த்தேன். தொட்டியின் நடுவில் அது செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அடடே, நல்லா கலக்குதே!" என்று முதலாளிகள் கைதட்டினார்கள். கலக்குவதற்கா நான் ராப்பகலாக உயிரை விட்டேன்? அதற்குள் மின்கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்தது. இயந்திரத்தின் விளக்கு அணைந்து, அது நடுத்தொட்டியில் நின்றுவிட்டது.

மேலாளர் அசரவில்லை. "அதுக்கென்ன, இவ அத்தானை இறக்கி எடுக்கச் சொல்லுங்க."

"கனெக்‌ஷனை யாரு மாத்தினது?" என்று கத்தினேன்.

அத்தான் தரையைப் பார்த்தார். "சார் சொன்னாரும்மா. எனக்கும் சரின்னுதான் பட்டுது."

இந்த மனிதர் உள்ளே இறங்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடும்! அழுவதா, அவரை உலுக்குவதா என்று தெரியவில்லை. அவரோ தொட்டியின் கூரைமேல் ஏறி, இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

"நான் பண்ணின வேலை. நானே எடுத்துட்டு வந்துடறேன். கொஞ்ச நேரம்தான்."

"போன வருஷம் அவரும் இதையேதான் சொல்லிட்டு இறங்கினாரு, அத்தான்!"

நானும் ஏறித் துவாரத்தின் மூடியை இழுத்துச் சாத்தினேன். பசையை வடித்துவிட்டால் யாரும் அதில் இறங்க வேண்டியதில்லை. ஏணியில் இறங்கி, தொட்டியின் அடியில் இருந்த வடிகால் வால்வின் சக்கரத்தைப் பிடித்தேன்.

மேலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். "அய்யய்யோ, சரக்கு பூரா சாக்கடைக்குப் போயிடும்! கையை எடு! உன் வேலை போயிடும், சொல்லிட்டேன்."

"போகட்டும் சார். வேலை போனா வேற தேடிக்குவேன். எங்கக்காவுக்கு வேற புருஷனை எங்க தேடுறது?"

வாய் பேசியதே தவிர, சக்கரம் அசையவில்லை. துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

"அவளைப் பிடிச்சு இழுப்பா!" என்று அத்தானுக்கு உத்தரவு போட்டார் மேலாளர்.

அத்தான் எந்த உத்தரவையும் மீறியவரில்லை. கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். என்னை இழுக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கைகள் என் கைகளுக்குப் பக்கத்தில் சக்கரத்தைப் பற்றின. ஒரே மூச்சில் திருகினார். பசை கொழகொழவென்று தரையில் இறங்கி, முதலாளிகளின் காலணிகளை நோக்கி நகர்ந்தது.

"யோவ், நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்றே?"

அத்தான் சக்கரத்தை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"காலையில நீங்க சொன்னதைக் கேட்டேன், சார். இன்னைக்கு அது போதும்."