மாதாவின் முகத்துக்கான இடம்

கஸ்டெல்வெந்தோ ஊர்க் கோயிலின் வடக்குச் சுவரில் ஒரு கைக்குட்டை அகல இடம் எட்டு வருடம் காயவில்லை. மற்றதெல்லாம் முறைப்படி காய்ந்தது. ஓவியர் செத்திமியோ ஈரச் சாந்தில் வரைந்த சிலுவையும் ஏணியும் படைவீரர்களும், மாதாவின் மடியில் கிடந்த மகனும், அன்றன்றைக்கே நிறத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாக இறுகின. மாதாவின் முகம் வரவேண்டிய இடம் மட்டும் அப்போதுதான் பூசியதுபோல் இருந்தது. அங்கே எந்த முகத்தை வரைந்தாலும் மறுநாள் காலையில் நிறம் வழிந்து தரையில் கிடக்கும். அதைத் துடைப்பது கோயில் பெருக்குகிறவரின் வழக்கமான வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முதல் வருடம் செத்திமியோ சுண்ணாம்பைக் குறை சொன்னார். அதைக் கொடுத்தவள் ஒர்தென்சியா. ஊருக்கு வெளியே சூளை வைத்திருந்த விதவை. அவள் வந்து சாந்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"சுண்ணாம்புல ஒண்ணும் குத்தமில்ல மேஸ்திரி. நீங்க போடுற மூஞ்சிதான் அதுக்குப் பிடிக்கல."

இரண்டாம் வருடம் பெருஜியாவிலிருந்து வேறொரு ஓவியரை வரவழைத்தார்கள். அவர் வரைந்த முகம் நண்பகல்வரைகூடத் தாங்கவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் வருடம், ஃபொலிஞோவில் மூன்று கோயில்கள் காத்திருப்பதாகச் செத்திமியோவின் தம்பி கடிதம் எழுதினான். செத்திமியோ அதன் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்து பார்த்தார். ஐந்தாம் வருடம் சுண்ணாம்பு அவருடைய வலக்கண்ணைத் தின்றது. ஒற்றைக் கண்ணால் தூரம் கணிக்கப் பழக ஒரு கோடைக்காலம் முழுவதும் போயிற்று. அதன்பின் பழையபடி சாரமேறினார். மயங்கிச் சரிகிற மாதா, கண்ணீர் உருள்கிற மாதா, வானத்தை நோக்குகிற மாதா என்று இரண்டாயிரத்துக்கு மேல் வரைந்தார். எல்லாம் தரைக்கு வந்தன.

எட்டாம் வருடம் பங்குச் சாமியார் ஃபுல்ஜென்சியோ சாரத்தடியில் வந்து நின்றார்.

"பெந்தெகொஸ்தே திருநாள் அன்னிக்கு ஆயர் வர்றார். அதுக்குள்ள முகம் நிக்கலைன்னா முழுச் சுவத்துக்கும் வெள்ளையடிச்சிருவேன். முகமில்லாத மாதாவை ஜனங்க எத்தனை நாள் கும்பிடுவாங்க?"

"நிக்கும் சாமி."

"எட்டு வருஷமா இதையேதான் சொல்ற."

"எட்டு வருஷமா இதையேதான் செய்யுறேன்."

திருநாளுக்கு முந்தின நாள் நண்பகலில், வெள்ளையடிக்கச் சுண்ணாம்புப் பால் கொண்டுவந்தவளும் ஒர்தென்சியாதான். அவளுடைய ஒரே மகன் நெல்லோ கல்குவாரியில் நசுங்கிச் செத்தது ஊருக்கே தெரியும். யாரும் அவளிடம் அதைப் பேசுவதில்லை. செத்திமியோவும் இதுவரை பேசியதில்லை. அன்று இறங்கி வந்து நேரடியாகவே கேட்டார்.

"நெல்லோவைத் தூக்கிட்டு வந்தப்ப நீ எப்படி அழுத?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அழல. அவனுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல. அதைத் தேடிக்கிட்டிருந்தேன். மடியில கிடக்கிறவனப் பாரு, பாருன்னு எல்லாரும் கத்துனாங்க. நான் தரையத்தான் பாத்தேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல."

"கொஞ்சம் உக்காரு."

"எனக்கு வேலை கிடக்கு மேஸ்திரி."

"வெள்ளையடிக்கிற வேலைதானே. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். செத்திமியோ சாரமேறி, புருவம் நெரிந்து, வாய் இறுகி, மகனின் தோளுக்கு அப்பால் எதையோ தேடும் ஒரு பெண்ணை வரைந்தார். தூரிகையை எடுப்பதற்குள் சாந்தின் ஓரங்கள் காய்ந்து வெளுக்கத் தொடங்கின. மாலை மணி அடிக்குமுன் ஒர்தென்சியா மேலேறிப் போய் மாதாவின் கன்னத்தை நகத்தால் தட்டினாள். கல்லின் ஓசை வந்தது.

"மூக்கு என்னோடது இல்ல," என்றாள்.

"அது மாதாவோடது."

கொண்டுவந்த சுண்ணாம்புப் பாலை அவள் தன் கழுதைக் கொட்டிலுக்கு அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆயர் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். மாதா ஏன் மகனைப் பார்க்கவில்லை என்று கேட்டார். "தேடுறாங்க, ஆண்டகை," என்றார் செத்திமியோ. ஆயர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, மேலே எதுவும் கேட்காமல் விருந்துக்குப் போனார். செத்திமியோ அந்த வாரமே ஃபொலிஞோவுக்குப் புறப்பட்டார்.

அடுத்த மாதம் மாதாவின் கண்கள் கிணற்றுப் பக்கம் திரும்பியிருந்தன. பீப்பாய் செய்கிறவர் போய்ப் பார்த்தார். அவர் தொலைத்திருந்த உளி அங்கே இருந்தது. அன்றுமுதல் ஊரில் ஆடு, சாவி, சொல்லாமல் கிளம்பிப்போன கணவன் என்று எது தொலைந்தாலும், காலையில் கோயிலுக்கு வந்து கண்கள் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கிழக்கே பார்க்கிற நாட்களில் மட்டும் கையில் ரொட்டி எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் மலை, ஏறி இறங்க நேரமாகும்.