மூன்று போன், ஒரு கோட்டை

பிள்ளைகளின் போன் பழக்கத்தைக் கூடவே இருந்து ஆராய ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தவள், அன்றும் முதலில் யார் எங்கே என்று குறித்தாள். மூத்தவள் சோபாவில், தம்பி மாடிப்படியில், கடைக்குட்டி சாப்பாட்டு மேசைக்கு அடியில், அம்மா அடுப்படி வாசலில். வீட்டில் பேச்சு மூச்சில்லை.

"பாத்தீங்களா, ஒரே வீட்ல மூணு தீவு! இதை எழுதி ஊரே சிரிக்கணுமா? நாளையிலேருந்து வராதீங்கம்மா" என்றாள் அம்மா.

இந்தக் கதவு மூடினால் ஆராய்ச்சியும் முடிந்துவிடும். வந்தவள் மூத்தவளிடம் நகர்ந்து, "நானும் பாக்கலாமா?" என்றாள். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு விளையாட்டு; மூன்று பேரும் சேர்ந்து பாதி கட்டிய கோட்டை. கீழே மூவரின் எழுத்துச் சண்டை.

"டேய் எரும, கதவு எங்கடா?"

"அக்கா, அவன் என் கல்லத் திருடுறான்!"

"போடி குட்டிச்சாத்தான், பாலத்தக் கட்டு!"

"அட பாவிகளா! இதை வாயால பேசினா என்ன?" என்றாள் அம்மா.

"பேசினா சத்தம் போடாதேன்னு நீதானம்மா திட்டுவே!" என்றது மேசையடி.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் தட்டினாள்: "எனக்கு எந்த ரூம்?"

மூன்று மூலையிலிருந்தும் கூச்சல் கிளம்பியது. வீடே அதிர்ந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வாங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அன்று மாலையே ஆராய்ச்சிக்காரி தன் பேராசிரியருக்கு எழுதினாள்: "தனித்தனியாக இருக்கிறார்கள் என்று போன வாரம் எழுதியதை அடித்துவிடுங்கள். ஆராய்ச்சி தொடர்கிறது." உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டாள்.