எல்லா பெட்டுக்கும் இருவது

யுவராணிக்கு வயித்தெரிச்சல்னா சும்மா வயித்தெரிச்சல் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சிங் காலேஜ் பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னு, அதுலேருந்து ஹஃபீஸா வெள்ளைக் கோட்டோட இறங்கினா போதும், இவளுக்கு அன்னைக்குச் சோறு இறங்காது.

ஏன் எரியாது? ராஜபாளையத்துல ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆண்கள் வார்டு, நர்ஸா இவளுக்குப் பதினாறு வருஷம். ஹஃபீஸா இவளுக்கு ரெண்டு வருஷம் ஜூனியர். ஊசியப் பிடிச்சா கை நடுங்கும். நரம்பு தேடிக் குத்தச் சொல்லிக் குடுத்தது யாரு? யுவராணி. மூணே வருஷத்துல அவ வேலைய விட்டுட்டு மேல படிக்கப் போனா, டீச்சரானா, இப்போ அந்தக் காலேஜுக்கு வைஸ் பிரின்சிபால். யுவராணிக்கு மிஞ்சினது என்ன? நின்னு நின்னு கெண்டைக்கால்ல புடைச்ச நரம்பு. "ஏட்டி ஹஃபீஸா"ன்னு அதட்டின வாயால இப்போ "வாங்க மேடம்"னு சொல்லணும். அந்த மேடம் தொண்டையத் தாண்டி வாரதுக்குள்ள உயிர் போயி உயிர் வரும்.

இதுல இன்னொரு கூத்து. ஆஸ்பத்திரியில நர்சிங் சூப்பரின்டென்டன்ட் வேலை காலியா இருந்துச்சு. யுவராணி இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது அந்த நாற்காலிக்குத்தான். அதுக்கு இண்டர்வியூ வச்சாங்க. கேள்வி கேக்க உக்காரப் போறவங்கள்ல ஒருத்தி யாரு? வேற யாரு, மேடந்தான்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையில ஹஃபீஸாவோட வந்த பிள்ளைங்க வார்டுல நின்னாங்க. சனான்னு ஒருத்தி, ஆறாம் பெட்டு சின்னக்கருப்பன் பக்கத்துல கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னா. அவரு தேவதானத்துல விவசாயம் பாக்குற மனுஷன், காய்ச்சல்னு வந்து படுத்திருந்தாரு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணிட்டு, "மேடம், மூச்சு முப்பத்தி நாலு வருது. சார்ட்ல இருவதுன்னு இருக்கே"ன்னா சனா.

அரை மணி நேரத்துக்கு முந்தி அந்த இருவதை எழுதினது யுவராணிதான். எண்ணிப் பாத்தா எழுதினா? காய்ச்சல் பாப்பா, பிரஷர் பாப்பா, மூச்சு மட்டும் எல்லாருக்கும் இருவது, நல்லா இருக்குற ஆளுக்கு வர்ற கணக்கு. கிடக்குற வேலையில ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சப் பாத்துக்கிட்டு நிக்க யாருக்கு நேரம்?

டாக்டர் ஓடி வந்தாரு. நிமோனியா. ஆக்சிஜன் வச்சு ஐசியூவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. நல்லவேளை, ஆளு பிழைச்சுக்கிட்டாரு. ஹஃபீஸா மத்த சார்ட்டையும் புரட்டினா. பத்து பெட்டுக்கும் இருவது, கீழ யுவராணி கையெழுத்து. மூடி வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டா.

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா யுவராணி. பேசாமப் போனதுதான் ஆகல. "நாளைக்கு இவ வாயப் பொத்திக்கிட்டு, அதால எனக்கு வேலை கிடைச்சா, அது இவ போட்ட பிச்சையாயிருமே! செத்தாலும் வேண்டாம்"னு கறுவினா.

மறுநாள் ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் சங்கரலிங்கம் "உக்காருங்க சிஸ்டர்"னு சொல்லி முடிக்கல, இவ போட்டு உடைச்சுட்டா. "சார், ஆறாம் பெட்டுக்கு எண்ணாமலே இருவதுன்னு எழுதினது நான்தான். ஆறாம் பெட்டுக்கு மட்டுமில்ல, எல்லாருக்குமே அப்படித்தான் எழுதுவேன்."

ஹஃபீஸா மெதுவாச் சொன்னா. "சார், நானும் இதே வார்டுல மூணு வருஷம் அப்படித்தான் எழுதினேன். அது உறுத்தித்தான் சொல்லிக் குடுக்குற வேலைக்கே போனேன்."

டாக்டர் உருகிப் போயிட்டாரு. "என்ன பெரிய மனசு மேடம் உங்களுக்கு!"

அடக் கொடுமையே! தப்புப் பண்ணினது இவ, ஒத்துக்கிட்டது இவ, நல்ல பேரு மட்டும் அவளுக்கா? தப்பைக்கூடவா பங்கு கேட்டு வருவா? யுவராணிக்கு வந்த ஆத்திரத்துல மேடமாவது மண்ணாவது.

"சார், அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்! வந்த மொத வாரம் ஒவ்வொரு ஆளா நின்னு ஒழுங்காத்தான் எண்ணிக்கிட்டிருந்தா. 'ஏட்டி, இருவதுன்னு போட்டுட்டு வா, டீ ஆறுது'ன்னு இழுத்துட்டு வந்தது நான்!"

சொன்ன பொறவுதான் என்ன சொன்னோம்னு உறைச்சது. ஹஃபீஸா தலையக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்கு அந்த டீயும் ஞாபகம் இருந்திருக்கு. பதினாலு வருஷமா ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கல.

வேலை பக்கத்து வார்டு விஜிக்குப் போச்சு. யுவராணி ரெண்டு நாள் யாரு முகத்துலயும் முழிக்கல. மூணாம் நாள் ஹஃபீஸா போன்ல வந்தா.

"அக்கா, எங்க பிள்ளைகளுக்கு வார்டு வேலை சொல்லிக் குடுக்க ஆள் வேணும். வாரியளா?"

"ஏன், நான் சொல்லிக் குடுத்த லட்சணம் போதாதா?"

"அதுக்குத்தான் கூப்பிடுதேன். அந்த இருவது எப்படி வருதுன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மொத வகுப்பு. நாப்பது பிள்ளைங்க. வயித்தெரிச்சல் போயிருச்சான்னு கேட்டா, எங்கிட்டுப் போக? ஹஃபீஸா ரூம்ல ஏசி ஓடுறதப் பாத்துட்டுத்தான் யுவராணி வகுப்புக்குள்ள வந்தா. "உங்க மேடத்துக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தவ நான்தான்"னு ஆரம்பிச்சு, ஒண்ணையும் மறைக்காம எல்லாத்தையும் சொன்னா. பொறவு ஆளாளுக்குப் பக்கத்துல இருக்கிறவ மூச்சை எண்ணச் சொன்னா. கடைசி வரிசையில ஹஃபீஸா கையக் கட்டிக்கிட்டு நின்னா.

"மேடம், நீங்களும் உக்காந்து எண்ணுங்க."

பிள்ளைங்க திரும்பிப் பாத்தாங்க. ஹஃபீஸா சனா பக்கத்துல உக்காந்து கடிகாரத்தைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டா. நாப்பது பிள்ளைங்களும் சத்தம் போடாம எண்ணினாங்க. ஒரு நிமிஷம் ஆச்சு.

"எம்புட்டு?"

"இருவது, அக்கா."

யுவராணி நேரா அவகிட்ட நடந்து வந்தா.

"திரும்ப எண்ணுட்டி."