பதினேழு அங்குலம்

விடிந்ததிலிருந்தே மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக ஏழெட்டு நடை நடந்துவிட்டார். இடுப்பில் மாட்டியிருந்த அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். "ஞாயித்துக்கிழமை கூடவா அதை மாட்டிக்கணும்?" என்று மனைவி கேட்டார். இருபத்திரண்டு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மனிதர். அவர் அளந்தால் அளந்ததுதான் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அதிகம் பேசியது அவரேதான் என்பது வேறு விஷயம்.

அன்று அவர் கோச்சாக இருக்கிற அணிக்கு எட்டாவது ஆட்டம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்களின் சாஃப்ட்பால் லீக். முந்தைய ஏழு ஆட்டத்திலும் தோல்வி. அதுவும் வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய தோல்வி இல்லை. இருபத்தொன்றுக்குப் பூஜ்யம், பத்தொன்பதுக்கு ஒன்று, மறுபடியும் இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். மூன்று இன்னிங்ஸ் முடியும்போது ஒரு அணி பதினைந்து ரன் முன்னால் இருந்தால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு இரக்க விதி என்று பெயர். ஏழு ஆட்டமும் அந்த இரக்கத்தில்தான் முடிந்தன. பெற்றோர்கள் மடக்கு நாற்காலியை விரித்து வசதியாகச் சாய்வதற்குள் மடக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், எதிரணிப் பெண்கள் பந்தை அடித்து எடுத்த ரன்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் இவர்கள் தட்டில் வைத்துக் கொடுத்தது. பந்து வீசுகிறவள் நான்கு பந்தைத் தப்பாகப் போட்டால், அடிக்க நிற்கிறவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸ் என்கிற மூலைக்குச் சும்மா நடந்து போகலாம். அடுத்தவளும் அப்படியே. ஊர்வலம் மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தி நாலு பேஸையும் நடந்தே சுற்றி வந்து ரன் எடுத்தார்கள். வலது ஓரத்தில் பந்து பிடிக்க நின்ற பெண் ஒரு ஆட்டத்தில் புல்லைப் பின்னி வளையல் செய்து முடித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவள் பக்கம் பந்தே போகவில்லை.

வீசுகிறவள் மேஸ்திரியின் அண்ணன் மகள். பதினொரு வயது, ஆள் சின்னது, காரம் அதிகம், அதனால் பேர் மிளகு. ஆறு வயதில் தோட்டத்துச் சுவரில் பந்தை அடிக்க ஆரம்பித்தவள். அந்தச் சுவரில் சுண்ணாம்பு நின்றதே இல்லை. பயிற்சியில் அவள் வீசுவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. கை கீழிருந்து ஒரு முழு வட்டம் அடித்து வரும், பந்து பின்னால் குந்தியிருக்கிற கேட்சரின் கையுறையில் போய்ப் பொத்தென்று உட்காரும். பத்துக்கு எட்டு சரியாக விழும். அதே மிளகு ஆட்டத்தில் வீசினால் எல்லாம் மேலே. பேட் பிடித்தவளின் தோளுக்கு மேலே, சரியான பந்து என்று அம்பயர் கையைத் தூக்க வழியில்லாதபடி, ஒவ்வொன்றும் மேலே.

மேஸ்திரி இதற்கு ஒரே ஒரு காரணம்தான் கண்டுபிடித்திருந்தார். "பயம். நாலு பேரு பாத்தா கை நடுங்குது உனக்கு." முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு அணிக்கு முன்னால் சொன்னார். ஐந்தாவது ஆட்டத்தில் பெற்றோர்கள் காதுபட "பயந்தாங்கொள்ளி" என்று கத்தியும்விட்டார். அன்றிலிருந்து வீசுவதற்கு முன்னால் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு வந்தது.

கேட்சர் பெண்ணுக்கு வாயாடி என்று பேர். பேக்கரிக்காரம்மாவின் மகள். மூன்றாவது வாரமே அவள் சொல்லிப் பார்த்தாள். "கோச், பிராக்டிஸ்ல பந்து எனக்கு நெஞ்சுக்கு வருது. மேட்ச்ல முகமூடிக்கு வருது. எப்பவும் அதே நாலு விரல் அளவுதான் கூட. பயந்து போட்டா கண்டபடி தானே போகணும்?"

"வாயைக் குறை. கையை நீட்டு" என்றார் மேஸ்திரி. அவள் பேச்சை யார்தான் காதில் போட்டுக்கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வேனில் ஏறும்போது மிளகு சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கறேன் சித்தப்பா. என்னாலதான் எல்லாரும் தோக்கறாங்க." குரலில் அழுகை இல்லை. யோசித்து முடித்துவிட்டுச் சொல்கிற குரல். மேஸ்திரிக்கு அதுதான் பயமாக இருந்தது. அணிக்கு வேறு வீச ஆள் இல்லை என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பெண் பந்தை விட்டுவிடுவாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒரு குளியலறையில் டைல்ஸ் பதிக்கும்போது வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தைத் தப்பாக வைத்துப் பிரித்துப் போட்டார்.

ஆனால் சனிக்கிழமை ஒரு நல்ல சேதி வந்தது. லீக் மைதானத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து சேறாகிவிட்டதாம். ஆட்டம் இவர்கள் பயிற்சி செய்கிற பள்ளிக்கூட மைதானத்திலேயே நடக்கும். மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வீசுகிற இடம், தினமும் பார்க்கிற வேலி. அங்கே அவளுக்கு என்ன பயம் வரப்போகிறது? ஒரே ஒரு ஆட்டம் நன்றாக அமைந்தால் போதும், நிறுத்துகிற பேச்சை அவளே மறந்துவிடுவாள்.

அந்த ஆசையோடுதான் ஏழு மணிக்கெல்லாம் மைதானத்துக்குப் போனார். அவருக்கு முன்னால் அம்பயரம்மா வந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் பேருந்து ஓட்டுகிறவர், ஏழாவது நாள் அம்பயர். லீக் மைதானம் இல்லாத இடத்தில் ஆட்டம் என்றால் அளந்து பார்க்க வேண்டியது அவர் வேலை.

"கொஞ்சம் டேப் முனையைப் பிடிங்க" என்றார்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே பிடித்தார். அந்த மைதானத்தை அளந்து அமைத்ததே அவர்தான். வீசுகிறவள் கால் வைக்கிற ரப்பர் பலகை அசையக்கூடாது என்று டைல்ஸ் பசை போட்டு ஒட்டியிருந்தார். அதிலிருந்து அடிக்கிற இடத்து ஹோம் பிளேட் வரைக்கும் நாற்பது அடி. நூல் பிசகாது.

அம்பயரம்மா டேப்பை ஹோம் பிளேட்டின் முன் விளிம்பைத் தாண்டி, பின்பக்கம் கூம்பி நிற்கிற முனை வரை இழுத்துக்கொண்டு போனார். குனிந்து பார்த்தார். "நாப்பத்தோரு அடி அஞ்சு அங்குலம் வருதே" என்றார்.

"முன்னாடி விளிம்புல பாருங்க மேடம். நாப்பது கரெக்டா இருக்கும்."

"பின்முனை வரைக்கும் தாங்க அளக்கணும். நாப்பதுங்கறது அதுக்குத்தான். நீங்க பிளேட்டை விட்டுட்டு அளந்திருக்கீங்க."

தரை போடுகிறவன் எப்போதும் விளிம்புக்கு விளிம்புதான் அளப்பான். நடுவில் உள்ள வெற்றிடம்தான் அவனுக்குக் கணக்கு. விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரிக்குத் தோன்றவே இல்லை. நாற்பது அடி அளக்க அவருக்குப் புத்தகம் வேண்டுமா என்ன? ஹோம் பிளேட்டின் நீளம் பதினேழு அங்குலம். எட்டு வாரமாக அந்தப் பெண் பதினேழு அங்குலம் தள்ளி நின்று வீசிப் பழகியிருக்கிறாள். பந்து கீழே இறங்குவதற்கு இங்கே அந்தத் தூரம் இருந்தது. ஆட்டத்தில் அது இல்லை. அதனால் மேலே. நாலு விரல் மேலே.

மேஸ்திரி வேனிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். தன் பசை இவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்று அன்றுதான் வருத்தப்பட்டார். பலகையைப் பெயர்த்து, பதினேழு அங்குலம் முன்னால் வைத்து, பழைய குழியில் மண் போட்டு மிதித்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவினார். வேலை சுத்தம். யார் வந்து பார்த்தாலும் தெரியாது.

"பொண்ணுங்ககிட்ட சொல்லிடுங்க. தூரம் மாறினா கை தடுமாறும்" என்றார் அம்பயரம்மா.

"சொல்லிடறேன்" என்றார் மேஸ்திரி.

சொல்லவில்லை. ஒன்பது பெண்களும் வந்தார்கள், பெற்றோர்கள் வந்தார்கள், அண்ணியும் வந்து முதல் வரிசையில் நாற்காலி போட்டார். மேஸ்திரி இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் "தண்ணி குடிச்சீங்களா?" என்பதுதான் வெளியே வந்தது. அளந்தால் அளந்ததுதான் என்று பேர் வாங்கிய வாய். அதற்கு வேறு வார்த்தை பழக்கமில்லை. ஒருவேளை அவளாகவே சரி செய்துகொள்வாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவள் எப்படிச் சரி செய்துகொள்வாள்? முதல் பந்து மேலே போனது. இரண்டாவதும் மேலே. மிளகு திரும்பி வேலியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவதும் நான்காவதும் அதே இடத்தில்தான் போயின. முதல் இன்னிங்ஸில் ஐந்து ரன். இரண்டாவதில் ஆறு. மேஸ்திரி கோட்டோரமாக நடந்து நடந்து ஒரு தடமே போட்டுவிட்டார். அம்பயரம்மா ஒவ்வொரு இடைவேளையிலும் அவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டாவது இன்னிங்ஸ் முடிந்து மிளகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பதினொன்றுக்குப் பூஜ்யம். அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நீங்க சொன்னது சரிதான் சித்தப்பா. வெளியிலதான் அப்படி ஆகுதுன்னு நினைச்சேன். இங்கயும் வரலை. நான் பயந்தாங்கொள்ளிதான் போல."

ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வருவதைப் பக்கத்தில் நின்று கேட்பதைவிடக் கேவலம் வேறு கிடையாது. அதுவும் அந்த முடிவை எட்டு வாரமாக ஊட்டியவனே கேட்பது. மேஸ்திரிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸுக்கு அவர்கள் மைதானத்தில் இறங்கியதும் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். நேராக நடுவட்டத்துக்குப் போனார். என்ன திட்டப்போகிறாரோ என்று வாயாடியும் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பேஸ்களில் நின்ற பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"தப்பு என்னோடது" என்றார். "நான் தூரத்தைத் தப்பா அளந்துட்டேன். இத்தனை நாளா நீ பதினேழு அங்குலம் தள்ளி நின்னு போட்டிருக்கே. அதான் மேட்ச்ல மேல போகுது. உனக்குப் பயமும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னிக்குப் பலகையை மாத்தி வெச்சாச்சு."

மிளகு காலடியைக் குனிந்து பார்த்தாள். காய்ந்த மண்ணைக் காலால் தள்ளினாள். அடியில் ஈரமண் தெரிந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலையில."

"காலையிலயேவா?"

அவர் தலையாட்டினார். பதினொரு ரன் போயிருக்கிறது.

"நான் மூணாவது வாரமே சொன்னேன்" என்றாள் வாயாடி. யாரும் அவளை அடக்கவில்லை.

"சரி, நீங்க போங்க சித்தப்பா" என்றாள் மிளகு. பிறகு வாயாடியிடம், "கையுறையை முட்டிக்குக் கீழ வெச்சுக்கோ. நான் அதைப் பாத்துப் போடறேன்" என்றாள்.

மேஸ்திரி கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கத்தவில்லை. முதல் பந்து தரையில் பட்டுக் குதித்தது. அடுத்தது இடுப்புயரத்தில் போனது. அம்பயரம்மாவின் வலது கை மேலே எழுந்தது. மிளகு கையைத் துடைத்துக்கொள்ள மறந்துவிட்டாள். அந்த இன்னிங்ஸில் இரண்டு ரன்தான் போனது. பதிமூன்றுக்குப் பூஜ்யம். இரக்க விதிக்கு இரண்டு ரன் குறைந்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக நான்காவது இன்னிங்ஸ் நடந்தது. கடைசியில் பதினாறுக்கு மூன்று என்று தோற்றார்கள். புல்லில் வளையல் பின்னுகிற பெண்ணுக்கு ஒரு பந்து போய், அவள் அதைப் பிடித்தும்விட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் பந்தோடு நின்றாள்.

ஆட்டம் முடிந்ததும் பேக்கரிக்காரம்மா ஓடி வந்தார். "நடுவுல போய் என்ன மந்திரம் போட்டீங்க கோச்? பொண்ணு அப்படியே மாறிட்டா."

சரி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. மேஸ்திரி அதை மென்று முழுங்கினார். "மந்திரம் இல்லம்மா. நான்தான் தப்பா அளந்து வெச்சிருந்தேன். வருஷம் பூரா அவளைத் திட்டினேன். தப்பு அவ மேல இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மடக்கு நாற்காலிகள் பாதி மடங்கியபடி நின்றன. அவருக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது.

மிளகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அண்ணியும் கூடவே வந்தார்.

"அடுத்த வாரம் நான் வரேன் சித்தப்பா" என்றாள். "நான் நிறுத்தலை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலையில் கை வைக்கப் போனார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"ஆனா நீங்க வரவேண்டாம். வேற யாராவது சொல்லிக் குடுக்கட்டும்."

"என்னடி பேச்சு இது, சித்தப்பாகிட்ட?" என்று அண்ணி கையை ஓங்கினார்.

"விடுங்க அண்ணி" என்றார் மேஸ்திரி. "அளவு தப்பினதுக்காகவா?" என்று அவளைக் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்தான்.

"அளவு யாருக்கும் தப்பும்" என்றாள் மிளகு. "காலையில தெரிஞ்சும் ரெண்டு இன்னிங்ஸ் என்னைப் போட விட்டீங்களே."

பிறகு அவள் வாயாடியோடு பேசிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தாள். அடுத்த வாரம் எந்தப் பந்தை முதலில் பழகுவது என்று இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். மேஸ்திரி அணியின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பேக்கரிக்காரம்மாவிடம் கொடுத்தார். ஒன்றும் புரியாமல் அவர் அதை வாங்கிக்கொண்டார்.