மவுஸ் உடைந்த ஞாயிறு

ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் என் கணவன் ரோனி என் மவுஸைச் சுவரில் அடித்து உடைத்தான். பெங்களூரு வேலையை விடமாட்டேன் என்றதற்கு முதலில் கிழிந்தது என் உதடு. அடுத்துதான் மவுஸ்.

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதிலிருந்து டச்பேட் செத்துக் கிடப்பது அவனுக்குத் தெரியும்.

"இப்போ இன்னா கிழிக்கிறேன்னு பாக்குறேன் லவினா!" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட, டச்பேடை இயக்கும் டிரைவர் மென்பொருளை, கீபோர்டிலேயே கட்டளைகளைத் தட்டி ஏற்றினேன். டச்பேடில் விரலை வைத்தேன். திரையில் அம்பு நகர்ந்தது. ஆனால் உதட்டைத் துடைத்த விரலில் ரத்தம். அம்பு தறிகெட்டு ஓடியது.

சர்ச்சுக்கென்று நானே இஸ்திரி போட்டு வைத்திருந்த அவனது வெள்ளைச் சட்டையில் விரலை அழுத்தித் துடைத்தேன். பிறகு, மூன்று மாதமாக எழுதி வைத்திருந்த போலீஸ் புகாரைத் திறந்து அனுப்பினேன்.